அரிப்பு அடங்குவது குணமாவதல்ல: படர்தாமரை உள்ள வீட்டாருக்கு ஒரு திறந்த மடல்

வீட்டில் ஒருவருக்காவது படர்தாமரை வந்து, மறைந்து, திரும்ப வந்துகொண்டிருக்கும் குடும்பங்களுக்கு,



படர்தாமரை ஒரு பூஞ்சைத் தொற்று. தோலின் மேலடுக்கிலும் முடியிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழும் பூஞ்சைகள் இதை உண்டாக்குகின்றன. சில ஊர்களில் வண்டுகடி என்றும் சொல்வார்கள். இந்தப் பூஞ்சைகள் தசைக்குள் இறங்குவதில்லை, ரத்தத்தில் கலப்பதும் இல்லை. தோலின் உச்சியில், இறந்த செல்களாலான மெல்லிய அடுக்கிலேயே குடியிருக்கின்றன. ஆகவே ரத்தம் கெட்டதால் வந்தது, உடற்சூட்டால் வந்தது என்று எண்ணி ரத்தசுத்தி மருந்து குடிப்பதாலோ, கத்தரிக்காயையும் கருவாட்டையும் விலக்குவதாலோ இது போகாது. அழுக்கானவர்களுக்குத்தான் வரும் என்பதும் தவறு. தினம் இருமுறை குளிப்பவருக்கும் வரும். பூஞ்சை ஒட்டுவதற்கு ஒரு வழியும், அது தங்குவதற்குச் சூடும் ஈரமும் இருந்தால் போதும். இதை வெட்கத்துக்குரிய நோயாகக் கருதி மறைப்பதால்தான் சிறு வட்டத்தில் முடிந்திருக்க வேண்டியது வயிறு, முதுகு வரை போய்விடுகிறது.

தொடக்கத்தில் இது அரிப்புள்ள ஒரு சிறு பொரி போலத் தெரியும். சில நாட்களில் அகன்று வட்டமாகும். காய்ந்த புல்லில் பிடித்த தீ எப்படி விளிம்பில் எரிந்துகொண்டே வெளியே நகருமோ, நடுவில் எரிந்து முடிந்த இடம் எப்படி அடங்கிக் கிடக்குமோ, அப்படித்தான் இதுவும். விளிம்பு சற்றே மேடிட்டு, பொடிப்பொடியான கொப்புளங்களோடும் செதிலோடும் இருக்கும். நடுப்பகுதி ஏறக்குறைய இயல்பாகவோ சற்றுக் கறுத்தோ தெரியும். இரண்டு மூன்று வட்டங்கள் சேரும்போது விளிம்பு அலை அலையாக வளைந்து நாட்டின் வரைபடம் போல ஆகிவிடும். பாடநூல் படங்களில் இது சிவப்பாக இருக்கும். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அந்தச் சிவப்பைத் தேடினால் ஏமாற வேண்டியதுதான். அங்கே விளிம்பு பழுப்பாகவோ, கருஞ்சாம்பல் நிறமாகவோ, லேசான ஊதாவாகவோ இருக்கும். நிறத்தைவிட விளிம்பின் மேடும் செதிலும்தான் நம்பத்தக்க அடையாளம்.

வரும் இடங்களும் துப்பு தருகின்றன. ஆண்களுக்குப் பெரும்பாலும் தொடை இடுக்கிலும் பிட்டத்திலும். பெண்களுக்குப் பாவாடை நாடா இறுக்கும் இடுப்பிலும், மார்பகத்தின் அடியிலும், தொடை இடுக்கிலும். முகத்தில் வந்தால் வட்டம் தெளிவாக அமையாது. வெயிலால் வந்தது, பூசிய கிரீம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பலர் தவறவிடுகிறார்கள். காலில் விரல் இடுக்கு வெளுத்து, ஊறி, வெடித்திருக்கும்; வயல் வேலை செய்வோரும் ஈரத்தில் நிற்போரும் சேற்றுப்புண் என்று சொல்வதில் ஒரு பகுதி இதுவே. நகத்தில் வந்தால் நகம் மஞ்சளித்துத் தடித்து உதிரும். தொடை இடுக்கில் மருந்து பூசி ஆறியபின்னும் மீண்டும் மீண்டும் வருகிறதென்றால் காலைப் பார்க்க வேண்டும். விரல் இடுக்கிலும் நகத்திலும் தங்கிய பூஞ்சை, உள்ளாடையைக் கால் வழியே ஏற்றும்போது மேலே போய்ச் சேர்கிறது. காலில் தொற்று உள்ளவர்கள் முதலில் காலுறையைப் போட்டுக்கொண்டு பிறகு உள்ளாடை அணிவது இந்த வழியை அடைக்கும்.

வட்டமாக இருப்பதெல்லாம் படர்தாமரை அல்ல. மார்பிலும் முதுகிலும் கழுத்திலும் வெளிர்ப்பாகவோ பழுப்பாகவோ திட்டுத்திட்டாக வரும் தேமல் வேறு. அது எல்லோர் தோலிலும் இயல்பாகவே இருக்கும் மலசீசியா என்ற ஈஸ்ட் பெருகுவதால் வருவது. அரிப்பு குறைவு, சுரண்டினால் மாவு போலச் செதில் உதிரும், ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுவதாகக் கருத வேண்டியதில்லை. சோரியாசிஸில் செதில் தடித்து வெள்ளி போல மின்னும். முழங்கை, முழங்கால், உச்சந்தலையை அது விரும்பும். நாணய அளவில் வட்டமாக வரும் எக்சிமாவில் நடுப்பகுதி தெளியாது, முழு வட்டமும் ஒரே மாதிரி கசிந்தோ தடித்தோ இருக்கும். உலோகக் கொக்கியோ ரப்பர் பட்டையோ படும் இடத்தில் மட்டும் அரித்தால் ஒவ்வாமையாக இருக்கலாம்.

இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்று தொழுநோய். வெளிறிய அல்லது சிவந்த திட்டு, அதில் அரிப்பே இல்லை, தொட்டால் உணர்ச்சி மங்கியிருக்கிறது, வியர்க்கவில்லை, முடி உதிர்ந்திருக்கிறது என்றால் களிம்பு தேடிக் காலம் கடத்தாமல் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். பஞ்சு நுனியால் அந்த இடத்தையும் பக்கத்துத் தோலையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரியக்கூடும். தொழுநோய்க்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். உரிய காலத்தில் தொடங்கினால் கைகால் ஊனம் வராமல் முழுக்கக் குணமாகிவிடும்.

இந்தியாவில் படர்தாமரையின் போக்கு கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மாறிவிட்டது. முன்பு டிரைக்கோபைட்டான் ரூப்ரம் என்ற இனமே மிகுதி; ஒரு களிம்புக்கோ இரண்டு வார மாத்திரைக்கோ அடங்கிவிடும். இப்போது பரவலாகக் காணப்படுவது அதைவிட வேகமாகப் பரவும், அதிகம் அரிக்கும், மருந்துக்கு எளிதில் மசியாத வேறொரு இனம். 2020இல் அதற்கு டிரைக்கோபைட்டான் இண்டோட்டினியே என்று பெயர் சூட்டப்பட்டது. டெர்பினாபின் என்ற மருந்து பூஞ்சையின் ஒரு நொதியைத் தடுத்து அதைக் கொல்கிறது. இந்த இனத்தின் பல வகைகளில் அந்த நொதிக்கான மரபணு திரிந்துவிட்டதால் மருந்து பிடிப்பதில்லை. 2023இல் நியூயார்க்கில் இரண்டு பெண்களிடம் இது கண்டறியப்பட்டபோது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதைத் தனியாக அறிவித்தது. அவர்களில் ஒருவர் எந்த வெளிநாட்டுக்கும் அண்மையில் போனவர் அல்ல. பத்தாண்டுக்கு முன் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மருந்து இன்று நமக்கும் கேட்கும் என்ற கணக்கு இனிச் செல்லாது.

இந்த மடல் எழுதப்படுவதற்கான முதற்காரணம் மருந்துக்கடையில் கேட்டவுடன் கையில் கிடைக்கும் கலவைக் களிம்புகள். பூஞ்சை மருந்து ஒன்று, பாக்டீரியா மருந்து ஒன்று அல்லது இரண்டு, கூடவே வீரியமான ஒரு ஸ்டீராய்டு என்று மூன்று நான்கு மருந்துகளை ஒரே குழாயில் அடைத்து விற்கிறார்கள். பூசிய இரண்டு மூன்று நாட்களில் அரிப்பு நின்றுவிடும், சிவப்பு மங்கிவிடும். வாங்கியவருக்கு அந்தக் களிம்பின் மேல் உறுதியான நம்பிக்கை பிறக்கும். உள்ளே நடப்பது நேர் எதிரானது. அரிப்பையும் சிவப்பையும் உண்டாக்குவது பூஞ்சையை விரட்ட முயலும் உடம்பின் எதிர்ப்பு. ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பைத்தான் அடக்குகிறது. தடுப்பார் இல்லாமல் பூஞ்சை பரவுகிறது. குணமாகிவிட்டதாக எண்ணிக் களிம்பை நிறுத்தியதும் முன்பைவிடக் கடுமையாக அரிக்கிறது. மீண்டும் அதே களிம்பு வாங்கப்படுகிறது. இப்படி ஒரு குழாய் பத்துக் குழாயாகி, ஒருவர் நோய் வீட்டார் நோயாகிறது.

ஸ்டீராய்டு பூசப்பட்ட படர்தாமரை தன் அடையாளத்தையும் இழந்துவிடும். மேடான விளிம்பு கலைந்து போகும், வட்டத்துக்குள் வட்டமாகப் புதிய வளையங்கள் எழும், செதில் இருக்காது. பார்க்கும் மருத்துவரே ஒரு கணம் தடுமாறுவார். தோல் மெலிந்து ரத்தக்குழாய்கள் தெரியும். தொடையின் உட்புறத்திலும் அக்குளிலும் பிரசவக் கோடு போன்ற பள்ளமான வரிகள் விழும். பதினாறு வயதுப் பிள்ளையின் தொடையில் விழுந்த அந்த வரிகள் காலப்போக்கில் மங்கலாம், முழுதாக மறையாது. குழந்தைகளின் தோல் மருந்தை எளிதில் உறிஞ்சிவிடுவதால் அவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். ஒரு சாதாரணத் தொற்றுக்கு ஓர் ஆயுள் தழும்பு கொடுப்பது அநியாயம். தெரிந்தே விற்பது பெரிய அநியாயம்.

2018இல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துகளின் பட்டியலில், அதாவது அட்டவணை எச்சில், சேர்த்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தபோது இத்தகைய களிம்புகள் சிலவும் அதில் இருந்தன. ஆனாலும் பெயரும் கலவையும் மாறிய குழாய்கள் கடைகளில் கிடைக்கத்தான் செய்கின்றன. ஆகவே குழாயின் மேல் பொடி எழுத்தில் உள்ள கலவைப் பட்டியலைப் படிக்கும் பழக்கம் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவருக்காவது வேண்டும். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூவோசினோலோன், டெக்சாமெத்தசோன் ஆகிய பெயர்களில் ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. படர்தாமரையில் அதைப் பூசக்கூடாது. ஏற்கெனவே சில நாட்கள் பூசியவர்கள் நிறுத்தும்போது முதல் வாரத்தில் அரிப்பு கூடவே செய்யும்; அது பூஞ்சை மருந்து வேலை செய்யவில்லை என்பதற்கு அடையாளம் அல்ல. மாதக்கணக்கில் பூசியவர்களும் முகத்தில் பூசியவர்களும் தோல் மருத்துவரின் துணையோடுதான் நிறுத்த வேண்டும்.

வீட்டிலேயே மருந்து பூசிக் குணமாக்கக்கூடியது எது என்பதிலும் தெளிவு வேண்டும். உடல் நலமுள்ள பெரியவர், உடம்பிலோ கைகாலிலோ ஒன்றிரண்டு சிறு வட்டங்கள், புதிதாக வந்தவை, ஸ்டீராய்டு படாதவை என்றால் களிம்பு மட்டுமே போதுமானதாக இருக்கலாம். ஒரே ஒரு பூஞ்சை மருந்து மட்டும் உள்ள களிம்பாக இருக்க வேண்டும். க்ளோட்ரிமசோல் 1 சதவீதம், மைக்கோனசோல் 2 சதவீதம், கீட்டோகோனசோல் 2 சதவீதம் ஆகியவை பழகியவை, விலை குறைந்தவை. லூலிகோனசோல் 1 சதவீதம் நாளுக்கு ஒருமுறை பூசினால் போதும், விலை சற்றுக் கூடுதல். நிஸ்டாட்டின் ஈஸ்ட் வகைகளுக்குத்தான் வேலை செய்யும், படர்தாமரைக்குச் செய்யாது. பூஞ்சை எதிர்ப்பு சோப்பை நம்பிக் களிம்பை விடவும் கூடாது. சோப்பு தோலில் தங்கும் நேரம் மிகக் குறைவு.

பூசும் முறையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். குளித்துத் துவட்டி, மடிப்புகளை ஒத்தி எடுத்து, ஈரம் முற்றிலும் போனபிறகு பூச வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வட்டத்தோடு நிறுத்தாமல், ஒரு விரற்கடை அளவு, ஏறத்தாழ 2 சென்டிமீட்டர், வெளியே தள்ளி நல்ல தோலிலிருந்து தொடங்கி உள்நோக்கிப் பூச வேண்டும். பூஞ்சையின் புதிய இழைகள் விளிம்புக்கு அப்பால்தான் இருக்கின்றன. பூசிய கையைச் சோப்பால் கழுவ வேண்டும். பூசும் அளவுக்கு மருத்துவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரை கிராம், அது பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்குக் காணும். இரண்டு உள்ளங்கை அளவுள்ள தொற்றுக்கு நாளுக்கு இருவேளை பூசினால் ஒரு கிராம், மாதத்துக்கு 30 கிராம். 15 கிராம் குழாய் ஒன்றை வீட்டில் மூன்று பேர் பகிர்ந்துகொண்டு ஒரு மாதம் ஓட்டினால் யாருக்கும் போதிய மருந்து சேரவில்லை என்றுதான் பொருள்.

எத்தனை நாள்? குறைந்தது நான்கு வாரம். வட்டம் மறைந்தபிறகு மேலும் இரண்டு வாரம். அரிப்பு பத்தாம் நாளே நின்றுவிடலாம். தோலின் மேலடுக்கு முழுவதும் உதிர்ந்து புதிதாக வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. பூஞ்சை வாழும் இடமே அந்த அடுக்கு என்பதால் அது போகும்வரை மருந்தும் இருக்க வேண்டும். நாட்காட்டியில் தொடக்க நாளையும் முடிவு நாளையும் குறித்துவைப்பது நல்ல ஏற்பாடு. பாதியில் விட்டுவிட்டுத் திரும்பத் தொடங்குவது மருந்துக்கு மசியாத பூஞ்சைகளுக்குத்தான் வழிவிடும்.

கைவைத்தியத்தில் சிலவற்றுக்கு அடிப்படை உண்டு. மஞ்சள் பூங்கொத்துகளோடு நிற்கும் சீமை அகத்தியை வண்டுகொல்லி என்று அழைப்பார்கள். அதன் இலையில் பூஞ்சையைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் இருப்பது உண்மை. ஆனால் அரைத்த விழுதில் அது எவ்வளவு இருக்கிறது, தோலில் எவ்வளவு இறங்குகிறது என்பதற்கு அளவு இல்லை. இன்றைய பிடிவாதமான தொற்றை அதை மட்டும் நம்பி விடுவதற்கில்லை. வேப்பிலையும் மஞ்சளும் அப்படியே. பூண்டை அரைத்துக் கட்டுவது வேறு வகை. அது தோலை வெந்துபோகச் செய்து கொப்புளம் எழுப்பும். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், மின்கல அமிலம், கலக்காத கிருமிநாசினித் திரவம் எல்லாமே அப்படித்தான். எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்ற எண்ணம் தோலைப் புண்ணாக்கியதுதான் மிச்சம்.

மாத்திரை மருத்துவர் எழுதித்தர வேண்டியது. இட்ராகோனசோல் இன்று அதிகம் பயன்படுகிறது. அதன் கேப்சூல்களைச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும், வயிற்று எரிச்சலுக்கான அமில எதிர்ப்பு மருந்தோடு சேர்த்தால் உடலில் சரியாக ஏறாது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு அது ஆகாது. கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளோடும் ஒத்துப்போகாது. டெர்பினாபினும் இதுவும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. கருவுற்றிருப்பவர்கள் இவற்றைத் தாமாக வாங்கி விழுங்கவே கூடாது.

மருந்தோடு துணியும் மாற வேண்டும். உதிர்ந்த செதிலில் பூஞ்சை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். துண்டு, உள்ளாடை, படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாம் அதற்கு இடம். தொற்று உள்ளவர் துணியைத் தனியே ஊறவைத்து, முடிந்தால் 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, உட்புறம் வெளியே வரும்படி திருப்பி நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். மழைக்காலத்தில் வீட்டுக்குள் கொடியில் காயும் அரை ஈரத் துணியை, குறிப்பாகத் தையல் மடிப்புகளில், இஸ்திரி போட்டபிறகே உடுத்த வேண்டும். இறுக்கமான ஜீன்ஸையும் லெக்கிங்ஸையும் தொற்று ஆறும்வரையாவது ஒதுக்கிவிட்டுத் தளர்ந்த பருத்தி உடை அணிவது நல்லது.

கவனிக்காமல் விடப்படும் பொருள் ஒன்று உண்டு: அரைஞாண் கயிறு. குளித்தபின் உலராமல் இடுப்பிலேயே ஈரத்தோடு கிடக்கும் அது, பூஞ்சைச் செதிலைச் சுமந்துகொண்டு அதே இடத்தில் நாள் முழுதும் உராய்கிறது. கையிலும் கழுத்திலும் கட்டும் மந்திரித்த கயிறும் காப்புக் கயிறும் இப்படியே. சிகிச்சை முடியும்வரை கழற்றி வைப்பதும், பின்னர் புதுக் கயிறு மாற்றுவதும் நல்லது. நம்பிக்கை காரணமாகக் கழற்ற இயலாதவர்கள் புதிதாக மாற்றிக்கொண்டு தினமும் உலர்த்தவாவது வேண்டும்.

வீட்டில் எத்தனை பேருக்கு இருக்கிறதோ அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மருந்து தொடங்க வேண்டும். கூச்சத்தால் சொல்லாமல் இருக்கும் ஒருவர், பெரும்பாலும் மருமகளோ வயதுவந்த பிள்ளையோ, விடுபட்டால் மற்றவர்கள் பட்ட பாடு வீண். பூனை, நாய், கன்றுக்குட்டியின் தோலில் முடி கொட்டிய வட்டம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்; அவற்றிடமிருந்தும் ஒட்டும்.

சில நிலைமைகளில் வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்லை. குழந்தையின் தலையில் செதிலோடு முடி ஒடிந்து திட்டாகக் கொட்டுவதும் சீழ் கோத்து வீங்குவதும் களிம்புக்கு அடங்காது; பூஞ்சை முடியின் வேருக்குள் இருப்பதால் உள்மருந்து வேண்டும், தாமதித்தால் அந்த இடத்தில் முடி திரும்ப முளைக்காமல் போகலாம். நகத் தொற்று, முகத் தொற்று, உடலின் பல பாகங்களில் பரவிய தொற்று ஆகியவை உள்ளவர், சர்க்கரை நோய் உள்ளவர், கருவுற்றவர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் ஆகியோரும் நேரே மருத்துவரிடம் போக வேண்டும். சரியாகப் பூசியும் நான்கு வாரத்தில் குறையவில்லை என்றாலும் அப்படியே. மருத்துவர் விளிம்பிலிருந்து செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழை தெரிந்துவிடும். எளிய, செலவு குறைந்த சோதனை. அங்கே போகும்போது இதுவரை பூசிய எல்லாக் குழாய்களையும், காலியானவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். ஸ்டீராய்டு பூசியதை மறைப்பதால் சிகிச்சைதான் தவறிப்போகும்.

தொற்று ஆறியபின் வட்டம் இருந்த இடத்தில் கறுத்த நிறம் தங்கும். அரிப்பும் செதிலும் மேடும் இல்லையென்றால் அது நோயல்ல, அழற்சி விட்டுச் சென்ற நிறம் மட்டுமே. பல மாதங்களில் தானாகவே மங்கும். அதை வெளுக்கவைக்க மருத்துவரைக் கேட்காமல் வாங்கும் கிரீம்கள் பலவற்றில் மறுபடியும் ஸ்டீராய்டே இருக்கிறது. அவற்றின் கலவைப் பட்டியலையும் படித்துப் பார்த்தபிறகே வாங்க வேண்டும்.